வீட்டுக்கு ஒரு பிடி

முசரவாக்கம் விழாக்குழுவினருக்கும், தலைக்கட்டு வரி தரும் ஒவ்வொரு வீட்டாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியவர்களே, அண்ணன் தம்பிகளே, தாய்மார்களே,

ஆடி பிறக்கப் போகிறது. கூழ் வார்க்க நாள் குறிப்பதற்கு நீங்கள் விரைவில் கூடுவீர்கள். வரி எவ்வளவு, பந்தல் யார் பொறுப்பு, மேளம் எந்த ஊரிலிருந்து என்று பேச எத்தனையோ இருக்கும். அதற்கு நடுவே இந்த மடலையும் யாராவது ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் இந்த ஊரில் பிறந்தவள். தறிக்காரர் மகள். முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். உங்களில் பாதிப் பேர் எனக்கு அண்ணன், சித்தப்பா முறை. மீதிப் பேர் என் கண்முன்னே வளர்ந்த பிள்ளைகள்.

நான் கேட்பது இரண்டு. கோயில் மண்டபத்தை மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை ஊர்ப் பிள்ளைகள் படிப்பதற்குத் திறந்துவிடுங்கள். அங்கே வந்து படிக்கும் பிள்ளைகளின் பசிக்கு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி ஒதுக்குங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்ல என் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

எட்டு வயதில் அப்பாவின் தறியில் வலப்பக்கம் உட்கார்ந்தேன். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் கை வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், ஓட வேண்டியது மூன்று நாடா. அப்பா உடல் நாடாவை அனுப்புவார். அது கரை ஓரம் வந்ததும் இழையோடு இழை கோத்து, கரை நாடாவை நான் தள்ள வேண்டும். ஓர் இழை தப்பினாலும் கரைக்கும் உடலுக்கும் நடுவே பல்லிளித்துவிடும். அப்பா அடிக்க மாட்டார். பலகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். நான் பிரித்து மறுபடி கோப்பேன். கூலிக்கு ஆள் வைத்தால் வீட்டில் உலை ஏறாது என்பது எனக்கும் தெரியும்.

நான் பள்ளி விட்டு வந்துதான் உட்கார்ந்தேன். என் அண்ணனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணத்துக்காகப் பதினோரு வயதில் வேறொரு தறிக்குப் போனார். முன்பணம் கழிந்ததும் பள்ளிக்கு அனுப்புவதாகத்தான் அப்பா சொன்னார். அது கழியவே இல்லை. அண்ணன் நெய்த பட்டு எத்தனையோ மணமேடை ஏறியிருக்கிறது. அவர் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டது நாற்பது வயதில். சங்கத்துப் பதிவேட்டில் கைநாட்டு வைக்கக் கூச்சப்பட்டு என்னிடம் வந்தார். தறிக்கட்டையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். இழையைப் பிசகாமல் எண்ணும் அந்த விரல்கள் ஒரு சுழியைப் போட முடியாமல் நடுங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை.

எங்கள் வீட்டிலிருந்த ஒரே பல்பு தறிக்கு மேலே தொங்கியது. வெளிச்சம் சேலைக்குத்தான். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்மன் கோயில் திண்ணைக்குப் போவேன். பூசாரித் தாத்தா நடை சாத்திய பிறகும், நான் எழுந்து போகும்வரை வாசல் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். நான் ஆசிரியை ஆனதற்கு அந்தத் திண்ணையும் அந்த விளக்கும் காரணம். ஆனால் அது ஒரு தாத்தாவின் நல்ல மனது, ஊர் செய்த ஏற்பாடு அல்ல. அந்த விளக்கு எனக்கு எரிந்தது, என் அண்ணனுக்கு எரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, உடன் வேலை பார்த்த டீச்சர்களோடு கேரளம் போயிருந்தேன். கோட்டயத்துக்குப் பக்கத்தில் மன்னானம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு குன்றின் மேல் புனித குரியாகோஸ் எலியாஸ் சாவராவின் கல்லறை இருக்கிறது. கூட வந்த கத்தோலிக்க டீச்சர் அங்கே மண்டியிட்டார். நான் கைகூப்பி நின்றேன். அவர் கதையைக் கேட்கக் கேட்க, எனக்கு நம் கோயில் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

சாவரா 1805 பிப்ரவரி 10 அன்று குட்டநாட்டுக் கைனகரியில் பிறந்தார். ஐந்து வயதில் ஊர் ஆசானிடம் எழுத்துப் பழகினார். 1818-இல் பள்ளிப்புரம் குருமடத்தில் பாலக்கல் தோமா மல்பானிடம் பாடம் கேட்கப் போனார். அவர் அங்கே படித்துக்கொண்டிருந்தபோது கொள்ளைநோய் வந்து அப்பா, அம்மா, ஒரே அண்ணன் மூவரையும் கொண்டு போய்விட்டது. வீட்டைப் பார்க்க ஆள் இல்லை, திரும்பி வா என்று உறவுக்காரர்கள் அழைத்தார்கள். அக்கா குடும்பத்திடம் வீட்டுப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அவர் படிப்புக்கே திரும்பினார். 1829 நவம்பரில் குருப்பட்டம் பெற்றார்.

பாலக்கல் மல்பான், போரூக்கரை தோமா மல்பான் என்ற இரண்டு பெரியவர்களோடு அவரும் சேர்ந்து எடுத்த முயற்சியால், 1831 மே 11 அன்று மன்னானத்தில் துறவு மடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நம் நாட்டிலேயே பிறந்த கத்தோலிக்க ஆண் துறவியர் சபைக்கு அதுதான் வேர். இன்று அதை சி.எம்.ஐ. சபை என்கிறார்கள். பாலக்கல் மல்பான் 1841-இல் காலமானார். 1846 ஜனவரியில் போரூக்கரை மல்பானும் போய்விட்டார். மொத்தச் சுமையும் நாற்பது வயது சாவராவின் தோளில் விழுந்தது.

அந்த ஆண்டிலேயே அவர் இரண்டு காரியங்களைத் தொடங்கினார். மன்னானத்தில் ஒரு சமஸ்கிருதப் பள்ளி, ஓர் அச்சுக்கூடம். பள்ளிக்குத் திருச்சூரிலிருந்து ஓர் இந்து ஆசிரியரை வரவழைத்தார். மடத்தின் தலைவரான தாமும் மாணவர்களோடு மாணவராக உட்கார்ந்து படித்தார். அச்சு இயந்திரம் வாங்கப் பணம் இல்லை. திருவனந்தபுரத்தில் அரசு அச்சகத்தைப் பார்த்துவிட்டு வந்து, வாழைத்தண்டில் அதன் மாதிரியைச் செய்து, அதைக் காட்டி ஆசாரியிடம் மரத்தில் இயந்திரம் செய்து வாங்கினார் என்று சொல்வார்கள். தறி செய்யும் ஆசாரியிடம் விரலால் அளந்து காட்டி வேலை வாங்கிப் பழகிய நமக்கு அந்தக் காட்சி எளிதில் புரியும். அந்த அச்சுக்கூடத்திலிருந்துதான் 1887-இல் ‘நஸ்ராணி தீபிகா’ இதழ் பிறந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

1861-இல் அவர் சிரோ மலபார்க் கத்தோலிக்கர்களுக்கு முதன்மைக் குருவானார். 1864-இல் எல்லாப் பங்குகளுக்கும், அதாவது ஒவ்வொரு தேவாலயத்து ஊருக்கும், ஓர் உத்தரவு போனது. தேவாலயம் இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு பள்ளிக்கூடம் இருக்க வேண்டும், கட்டத் தவறும் பங்கின் மேல் நடவடிக்கை வரும் என்று கண்டிப்பான உத்தரவு. வராப்புழைப் பேராயர் பெர்னர்தீன் பச்சினெல்லியின் அதிகாரம் அதற்குப் பின்னால் இருந்தது. ஊர் ஊராகப் போய் அதை நடக்கச் செய்தவர்களில் முதன்மையானவர் சாவரா.

பெரியவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஊர் கூடும் இடம் ஏற்கெனவே இருந்தது. ஊர்ப் பணம் வந்து சேரும் இடமும் அதுதான். ஊர் யாருடைய சொல்லுக்குக் கட்டுப்படுமோ அவர்களும் அங்கேதான் இருந்தார்கள். பிள்ளைகள் படிப்பதும் அந்த இடத்தின் கடமை என்று மட்டும் அவர் சொன்னார். விழா எடுக்க முடிகிற ஊரால் பள்ளியும் எடுக்க முடியும் என்று நம்பினார்.

பள்ளி வந்துவிட்டால் போதுமா? பசியோடு பிள்ளை எப்படி உட்காரும்? வயலில் கூலிக்குப் போகும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் அந்த வீட்டில் ஒரு வேளைச் சோறு குறையும். என் அப்பா போட்ட அதே கணக்குத்தான். இதற்கு சாவரா கண்ட வழி ‘பிடியரி’. உலையில் அரிசி போடும் முன் வீட்டுப் பெண் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பாள். அப்படிச் சேர்ந்த அரிசி பள்ளிக்குப் போகும். ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே மதியச் சோறு. ஒரு பிடி குறைவதால் எந்த வீட்டுச் சோறும் குறைந்துபோகாது. ஊர் முழுக்கப் பிடி பிடியாகச் சேர்ந்தால் ஒரு பந்தியே நிறையும். சென்னையில் 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக்காரர்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டதும், 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததும், 2022-இல் காலை உணவு வந்ததும் நமக்குத் தெரிந்த வரலாறு. அதற்கெல்லாம் முன்பே, அரசாங்கம் எதுவும் போடாத காலத்தில், அடுப்படியில் நின்ற பெண்களை நம்பி சாவரா அதைத் தொடங்கினார்.

அந்தப் பந்தியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அரச அறிவிப்பு வந்தது 1855-இல். அதற்குப் பிறகும் புலையர் பிள்ளைகள் பொதுவழியில் நடக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகளை சாவரா பள்ளியில் சேர்த்தார். மன்னானத்துக்குப் பக்கத்து ஆர்ப்பூக்கரையில் அவர்களுக்காகவே ஒரு பள்ளி எழுந்தது. சோற்றோடு துணியும் புத்தகமும் கொடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட, புலையர் தலைவர் அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியைக் கைபிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனபோது அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில், அதற்கும் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் எடுத்த முடிவு அது. அவர் சொந்தச் சமூகமே மேல்சாதி என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்த சமூகம். தன் வீட்டுக்காரர்களிடமே எதிர்த்துப் பேசுவது எவ்வளவு கடினம் என்று இதை எழுதும்போது எனக்குத் தெரிகிறது.

பெண் பிள்ளைகளையும் அவர் விட்டுவிடவில்லை. 1866 பிப்ரவரி 13 அன்று கூனம்மாவில் மூங்கில் தட்டியால் கட்டிய ஒரு சிறிய மடத்தில் பெண் துறவியர் சபை தொடங்கியது. முதலில் வந்தவர்கள் எலீஸ்வா என்ற கைம்பெண், அவர் மகள் அன்னா, தங்கை திரேசியா, வைக்கத்திலிருந்து வந்த கிளாரா. இத்தாலியத் துறவி லியோபோல்து பெக்காரோவும் சாவராவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். இரண்டே ஆண்டில் அங்கே பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க இடம் வந்தது. எழுத்தோடு கைத்தொழிலும் சொல்லிக்கொடுத்தார்கள். தட்டிச் சுவர் மடத்தில் நாலு பெண்கள் தொடங்கியது, பிறகு கேரளத்தில் எத்தனை ஆயிரம் பெண் பிள்ளைகளுக்கு வாசல் திறந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1871 ஜனவரி 3 அன்று சாவரா கூனம்மாவில் காலமானார். 1986-இல் கோட்டயத்துக்கு வந்த போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். 2014 நவம்பர் 23 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டம் கிடைத்தது. பட்டங்கள் அவர் சபைக்குப் பெருமை. நமக்கு வேண்டியது அந்தப் பிடியரிசி.

வேற்று மதத்துச் சாமியார் செய்ததை நம் கோயில் கூட்டத்தில் ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்து ஆசானிடம் எழுத்துப் படித்து, இந்து ஆசிரியரைத் தம் மடத்துக்கு அழைத்து வந்த மனிதர் அவர். பிடி அரிசி நம் காஞ்சிக்கும் புதிதில்லை. சங்கர மடத்துப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் அதே பெயரில் பிடி அரிசித் திட்டம் சொல்லி, வீட்டுப் பெண்கள் தினம் ஒரு பிடி ஒதுக்க, அதைச் சமைத்துச் சாமிக்குப் படைத்து ஏழைகளுக்குக் கொடுக்கச் செய்தார். ‘பள்ளி’ என்ற சொல்லைப் பாருங்கள். மலையாளத்தில் அது தேவாலயம், தமிழில் படிக்கும் இடம். அதற்கும் முன்னால் சமணத் துறவிகள் தங்கி ஓதிய இடம் பள்ளி. நம் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் அந்தப் பழைய வழியில் வந்ததுதான். துறவி இருந்த இடமும் பிள்ளை படித்த இடமும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

காஞ்சி கல்வியில் பெரிய ஊர் என்று நாம் பெருமை பேசுகிறோம். கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் படிக்க வந்தது காஞ்சிக் கடிகை என்ற கல்விச்சாலைக்குத்தான் என்று தாளகுண்டாக் கல்வெட்டு சொல்கிறது. பெருமைதான். ஆனால் அது வேதம் ஓதியவர்களின் இடம். தறிக்குழியிலிருந்து எழுந்து போய் அங்கே உட்கார்ந்த பிள்ளை என்று வரலாற்றில் யாரையும் நான் படித்ததில்லை. நமக்குக் கதவு திறந்தது வெகு காலம் கழித்து. பச்சையப்ப முதலியார் கோயில் தருமங்களுக்கென்று எழுதி வைத்த சொத்தில் மிஞ்சிய பணம், 1842-இல் சென்னையில் பள்ளியாக மாறியது. அந்தப் பெயர் தாங்கிய காஞ்சிப் பள்ளியில்தான் நெசவாளர் வீட்டுப் பிள்ளையான அண்ணா படித்தார். சாமிக்கு எழுதியது பிள்ளைக்குப் போனதால் எந்தச் சாமியும் குறைந்துபோகவில்லை.

இப்போதுதான் அரசாங்கம் எல்லாம் தருகிறதே, யாரும் பிள்ளையைத் தறியில் உட்கார வைப்பதில்லையே என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மை, சந்தோஷம். காலையில் சோறு, மதியம் சோறு, புத்தகம், சீருடை, சைக்கிள் எல்லாம் வருகிறது. நான் கேட்பது பள்ளி விட்ட பிறகுள்ள நேரத்தைப் பற்றி. அப்பா தறியிலோ, ஒரகடம் கம்பெனி ஷிப்டிலோ இருப்பார். அம்மா தார் சுற்றிக்கொண்டே அடுப்பைப் பார்ப்பாள். ஒற்றை அறை வீட்டில் டிவி ஓடும். பிள்ளை செல்போனோடு வாசலில் உட்காரும். பாடத்தில் சந்தேகம் கேட்க ஆள் இருக்காது. கணக்கு புரியாத பிள்ளை வாய்விட்டுச் சொல்லாது. முதலில் வீட்டுப்பாடம் நிற்கும், பிறகு பள்ளிக்குப் போவது குறையும், பத்தாவது முடிந்ததும் படிப்பே நின்றுவிடும். முப்பத்து மூன்று வருடம் வருகைப் பதிவேடு எடுத்த எனக்கு அந்த வரிசை மனப்பாடம்.

அந்த இரண்டு மணி நேரத்தை ஊர் எடுத்துக்கொள்ள வேண்டும். எப்படி நடத்தலாம் என்றும் யோசித்து வைத்திருக்கிறேன்.

மண்டபத்தில் பாய் விரிக்கலாம், விளக்கு ஏற்கெனவே இருக்கிறது. அறநிலையத் துறையின் அனுமதி வேண்டும் என்றால் மனு எழுத நான் இருக்கிறேன். பாடம் சொல்லித் தர நான் தினமும் வருகிறேன். கல்லூரிக்குப் போகும் நம் ஊர்ப் பெண்களும் பையன்களும் ஆளுக்கு வாரம் ஒரு நாள் வந்தால் போதும். வீட்டுக்கு ஒரு பிடி அரிசியோ பயறோ ஒரு டப்பாவில் சேரட்டும். சுயஉதவிக் குழுத் தாய்மார்கள் வெள்ளிக்கிழமைதோறும் அதை வாங்கி வரட்டும். பயறு சுண்டலாகும், அரிசி ஒரு நாள் பொங்கலாகும், ஒரு நாள் கஞ்சியாகும். விழா வரியில் மிஞ்சுவதில் ஒரு பங்கை நோட்டு, பேனா, ஒரு புத்தக அலமாரிக்கு ஒதுக்குங்கள். கணக்கை மண்டபச் சுவரில் எல்லோரும் பார்க்க எழுதி ஒட்டுவோம்.

இதில் ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊர்த்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார வேண்டும், ஒரே குண்டானிலிருந்து வாங்கிச் சாப்பிட வேண்டும். மண்டபத்தில் அதற்கு மனம் இடம் கொடுக்காது என்று யாருக்காவது தோன்றினால், ஆர்ப்பூக்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலாக நம் கூழை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குடம் குடமாகக் கூழ் வருகிறது. வெங்காயம் போட்டது, மோர் ஊற்றியது, கெட்டியானது, நீர்த்தது எல்லாம் ஒரே அண்டாவில் விழுகிறது. ஊற்றிய பிறகு எது யார் வீட்டுக் கூழ் என்று யாராலும் பிரிக்க முடியாது. கோர்வையிலும் அப்படித்தானே? கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால்தான் சேலை கிழியாமல் நிற்கிறது.

கூட்டத்தில் முடிவு எடுக்கும் முன் என் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கண்பார்வை மங்கிய பிறகு அவர் தறியில் உட்காருவதில்லை. சாயங்காலம் கோயில் திண்ணையில்தான் இருப்பார். இந்த மடலை முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “பாய் விரிச்சா சொல்லு, நான் வந்து விளக்கைப் பாத்துக்கறேன்” என்றார்.

கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் மாலை ஆறு மணிக்கு நான் இரண்டு பாயோடும் ஒரு கரும்பலகையோடும் மண்டப வாசலில் இருப்பேன். என் வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வைத்துப் பத்து நாளாகிறது. தினம் ஒரு பிடி போடுகிறேன். இப்போது பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது.

உங்கள் ஊர்ப் பெண்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
முசரவாக்கம்